ஐந்து நிமிட ரவுண்டு போதுமா? பைக் வாங்கும் முன் டெஸ்ட் ரைடில் என்ன பார்க்க வேண்டும்?

பட்ஜெட் முடிவாகிவிட்டது. யூடியூபில் ரிவ்யூ பார்த்தே இரண்டு மாதம் ஓடிவிட்டது. சிசி, டார்க், மைலேஜ் எல்லாம் மனப்பாடம். ஆபீஸில் கேட்டால் ஒருத்தர் "கண்ணை மூடிட்டு கிளாசிக் எடு மச்சி" என்கிறார். பக்கத்து சீட்காரர் "டிராஃபிக்ல அத எவன் தள்ளுறது, எம்டி எடுடா" என்கிறார். சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஷோரூமுக்குப் போனால், பின்னால் சேல்ஸ் ஊழியர் ஏறிக்கொள்ள, தெருமுனை வரை போய் ஒரு யூ-டர்ன். மொத்தம் ஐந்து நிமிடம். இறங்கியதும் கேள்வி வந்துவிடும்: "எப்படி சார் இருக்கு? புக் பண்ணிடலாமா?"

அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் பலரும் இரண்டு லட்ச ரூபாய் விஷயத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். 3,000 ரூபாய்க்கு ஷூ வாங்கினால்கூட இரண்டு காலிலும் மாட்டி, கடைக்குள் நாலு நடை நடந்து பார்ப்பவர்கள்தான் நாம்.

தப்பான வண்டி எடுத்தால் எவ்வளவு அடி விழும்? ரூ.2 லட்சம் கடன், ஆண்டுக்கு 11% வட்டி, 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு வட்டி போட்டால், மாதத் தவணை சுமார் ரூ.6,550. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் ரூ.35,000-ஐத் தாண்டும். (அதே 11% 'ஃபிளாட் ரேட்' என்றால் கதையே வேறு. வட்டி ரூ.66,000, தவணை ரூ.7,390-ஐ ஒட்டி வரும். சொல்லப்படும் வட்டி இதில் எந்த வகை என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.) இது போக, ஆன்-ரோடு விலைக்குள் வாழ்நாள் சாலை வரி இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது டூவீலர்களுக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடும் இருக்கிறது. ஆறாவது மாதம் "முதுகு வலிக்குது, முடியல" என்று விற்கப் போனால், வாங்க வருபவர் இதையெல்லாம் கணக்கில் சேர்த்து உங்களுக்குத் தரப்போவதில்லை.

பேப்பரில் அண்ணன் தம்பி, ரோட்டில் யாரோ எவரோ

டெஸ்ட் ரைடு ஏன் தேவை என்பதைப் புரிந்துகொள்ள, நம்மூர் இளைஞர்களின் பட்டியலில் அடிக்கடி சேர்ந்தே இடம்பிடிக்கும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, யமஹா எம்டி-15.

கிளாசிக்கின் இன்ஜின் 349 சிசி, சுமார் 20 குதிரைத்திறன். எம்டி-15-ன் இன்ஜின் 155 சிசி, சுமார் 18 குதிரைத்திறன். சீட் உயரம் கிளாசிக்கில் 805 மி.மீ., எம்டி-யில் 810 மி.மீ. இந்த இரண்டு வரியை மட்டும் படித்தால், பெரிதாக வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும்.

ஓட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். கிளாசிக்கின் உச்ச டார்க் 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. எம்டி-யில் 14.1 நியூட்டன் மீட்டர். அதற்கு 7,500 ஆர்பிஎம் வரை முறுக்க வேண்டும். காரணம் இன்ஜினுக்குள் இருக்கிறது. கிளாசிக்கின் பிஸ்டன் 85.8 மி.மீ. தூரம் மேலும் கீழும் போய்வருகிறது. எம்டி-யில் அது 58.7 மி.மீ. மட்டுமே. நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே பலமாக இழுக்கும். சின்ன ஸ்ட்ரோக் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் விழித்துக்கொள்ளும். மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் திருகினால், முதல் வண்டி 'தட் தட்' என்று சாவகாசமாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது வண்டி கியரைக் குறைக்கச் சொல்லும், குறைத்ததும் சீறும்.

எது நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை. கியரை மாற்றிக்கொண்டே ஓட்டுவது சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குத் தலைவலி. நீங்கள் எந்தக் கட்சி என்பதை எந்த ரிவ்யூவரும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். எம்டி-15-ல் இருக்கும் விவிஏ என்ற வால்வு அமைப்பு 7,400 ஆர்பிஎம் வாக்கில்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். குடியிருப்புத் தெருவில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போனால், அந்த ஆர்பிஎம்மை எட்டவே மாட்டீர்கள். அந்த வண்டியை விரும்புபவர்கள் எதற்காக விரும்புகிறார்களோ, அதை ருசிக்காமலேயே இறங்கிவிடுவீர்கள். அதேபோல, கிளாசிக்கின் 195 கிலோ எடை ஓடும்போது பெரிதாகத் தெரியாது. வண்டி நின்ற பிறகுதான் தெரியும். ஐந்து நிமிட ரவுண்டில் யாரும் நின்ற வண்டியைத் தள்ளிப் பார்ப்பதில்லை.

பட்டியல் போடும்போதே ஒரு கோட்டைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40%. அதனால் ஹண்டர் 350-ஐயும் 398 சிசி இன்ஜினுடன் வந்த ட்ரையம்ஃப் ஸ்பீடு 400-ஐயும் ஒப்பிடுபவர், இரண்டு இன்ஜின்களை மட்டுமல்லாமல் இரண்டு வரி விகிதங்களையும் ஒப்பிடுகிறார். பட்டியலில் மூன்று வண்டிக்கு மேல் வேண்டாம். நாலாவது வண்டியில் ஏறும்போது முதல் வண்டி மறந்துபோயிருக்கும்.

லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது?

ஷோரூமுக்குப் போகும் முன் உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி என்று இரண்டு வகை உண்டு. காலேஜ் காலத்தில் ஸ்கூட்டியில் எட்டு போட்டு லைசென்ஸ் எடுத்த பலரிடம் இருப்பது முதல் வகை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு கியர் பைக்கை டெஸ்ட் ரைடு எடுக்க முடியாது.

ஷோரூமில் லைசென்ஸ் நகல் கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 181-வது பிரிவுப்படி, உரிய உரிமம் இல்லாமல் ஓட்டுபவருக்கு ரூ.5,000 அபராதம். 180-வது பிரிவு, அப்படிப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்தவரையும் பிடிக்கும். அதனால்தான் டீலர்கள் இதில் கறாராக இருக்கிறார்கள்.

டெமோ வண்டியின் நம்பர் பிளேட் சிவப்பாக இருந்தால் பதற வேண்டாம். பதிவாகாத வண்டியை டீலர் 'டிரேடு சர்டிஃபிகேட்' எனும் அனுமதியின் கீழ் ரோட்டில் இறக்கும்போது அந்த பிளேட்தான் இருக்கும். வாங்க வருபவர் ஓட்டிப் பார்ப்பதற்கு அந்த அனுமதியைப் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இடம் இருக்கிறது. தனிப் பதிவு எண்ணோடு டெமோ வண்டி வைத்திருக்கும் ஷோரூம்களும் உண்டு.

சில இடங்களில் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கும். ஆப்களில் 'ஐ அக்ரீ' அமுக்குவதுபோல இதையும் அமுக்கிவிடாதீர்கள். வண்டிக்குக் காப்பீடு இருக்கிறதா, கீழே போட்டால் யார் கட்டுவது என்று வாய்விட்டே கேட்டுவிடலாம்.

ஹெல்மெட் உங்களுடையதையே கொண்டுபோங்கள். ஷோரூம் ஹெல்மெட் தலைக்குப் பொருந்தாமல் ஆடிக்கொண்டே இருந்தால் கவனம் எல்லாம் அதில்தான் போகும். தினமும் ஆபீஸுக்குப் போடும் ஷூவையே போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் பையையும் மாட்டிக்கொண்டு போங்கள். மூன்று நாலு கிலோ பை முதுகில் இருக்கும்போது, ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன்குனிந்த இருக்கை எப்படி இருக்கிறது என்பது உங்கள் தோள்பட்டைக்குத்தான் தெரியும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சாவி போடும் முன் பத்து நிமிடம்

நல்ல டெஸ்ட் ரைடில் பாதி, இன்ஜின் ஓடாதபோதே நடந்துவிடும்.

முதலில் சீட் உயரம். வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துக்கொள்ளலாம். சுவரில் சாய்ந்து நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு காலுக்கும் நடுவே சீட்டில் உட்காருவதுபோல மேலே இழுத்துப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்தால் உங்கள் உட்கால் நீளம் வந்துவிடும். அந்த எண்ணும் சீட் உயரமும் சரியாகப் பொருந்த வேண்டும் என்று இல்லை. உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும். ஷூ கொஞ்சம் உயர்த்தும். ஆனால் சீட்டின் அகலம்தான் ஸ்பெக் ஷீட்டில் வராத வில்லன். கிளாசிக்கின் சீட் அகலமானது, தொடைகள் விரிந்துதான் கால் கீழே வரும். எம்டி-யின் சீட் முன்பக்கம் ஒடுங்கியது, கால் நேராக இறங்கும். ஐந்து மில்லிமீட்டர் உயரமான வண்டியில்தான் சிலருக்குக் கால் நன்றாக ஊன்றும்.

உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஷோரூமில் அதிகம் கேட்கும் வாக்கியம் "மேடம், இது உங்களுக்குச் செட் ஆகாது" என்பது. அதை அவர் சொல்லக்கூடாது, உட்கார்ந்து பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டு குதிகாலும் தரையில் பதிந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. இரண்டு காலின் முன்பாதம் உறுதியாகப் பதிந்தால், பழகியவர்கள் தாராளமாகச் சமாளிப்பார்கள். ஹிமாலயன் 450 மாதிரி சில வண்டிகளில் சீட்டையே ஏற்றி இறக்கலாம். அதில் 825, 845 என்று இரண்டு நிலை. உயரம் குறைந்த சீட்டைத் தனி அக்சஸரியாக விற்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டு, அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது, தள்ளிப் பார்ப்பது. வண்டியில் உட்கார்ந்தபடி காலாலேயே பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கி நின்று ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளுங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போடுங்கள். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில், தூணுக்கும் இன்னொருவரின் ஸ்கூட்டருக்கும் நடுவே, சரிவில் நிறுத்தி எடுப்பது உங்கள் அன்றாட வேலையாக இருந்தால், இந்த ஒரு சோதனையே பட்டியலிலிருந்து ஒரு வண்டியைத் தூக்கிவிடக்கூடும். 195 கிலோவுக்கும் 181 கிலோ ஹண்டருக்கும் 141 கிலோ எம்டி-க்கும் 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கும் உள்ள இடைவெளி, டீசர் வீடியோவில் தெரியாது. காலை எட்டரை மணிக்கு பார்க்கிங்கில் தெரியும்.

பிறகு ஹேண்டில், சீட், ஃபுட்ரெஸ்ட் மூன்றும் சேர்ந்த முக்கோணம். கண்ணை மூடிக்கொண்டு இயல்பாக உட்கார்ந்து கையை நீட்டுங்கள். கை ஹேண்டிலில் தானாகப் போய் விழுகிறதா, தேடிப் போக வேண்டியிருக்கிறதா? உள்ளங்கையில் பாரம் இறங்குகிறதா? முழங்கால் டேங்கில் எங்கே முட்டுகிறது? கிளட்ச் லீவரைப் பத்துப் பதினைந்து முறை பிடித்து விடுங்கள். கத்திப்பாராவிலோ காளவாசலிலோ மாலை ஆறரை மணிக்கு அதை எத்தனை முறை பிடிப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பிடியுங்கள்.

எந்த ரோடு?

ஷோரூம் காட்டும் ரூட் எப்போதும் ஷோரூமுக்கு வசதியான ரூட். நல்ல தார், குறைந்த டிராஃபிக், இடதுபக்கமே திரும்பித் திரும்பி வரும் ரவுண்டு. அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "இன்னும் ஒரு பதினைந்து நிமிஷம் வேணும், மெயின் ரோடு போகணும்" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுப் போனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சனி, ஞாயிறு மாலையில் போனால் நடக்காது. கூட்டத்தில் டெமோ வண்டிக்கு வரிசை நிற்கும். வார நாளில், ஷோரூம் திறந்த கையோடு போவதே உத்தமம்.

நல்ல ரூட்டில் நாலு விஷயம் இருந்தால் போதும்: ஒரு நெரிசல், ஒரு மோசமான ரோடு, ஒரு யூ-டர்ன், கொஞ்சம் திறந்த சாலை.

நெரிசலில் பார்க்க வேண்டியது சூடு. சிக்னலில் நிற்கும்போது தொடையின் உள்பக்கமும் கணுக்காலும் என்ன சொல்கின்றன? காற்றால் குளிரும் இன்ஜின் மெல்ல மெல்லச் சூடேறும். லிக்விட் கூலிங் வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் சூடான காற்று ஒரேயடியாக வெளியே வரும். அது எந்தப் பக்கம் வருகிறது, காலில் அடிக்கிறதா என்பதை நின்று பார்த்தால்தான் தெரியும். டிசம்பரில் டெஸ்ட் ரைடு எடுப்பவர்கள் மே மாதத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மூரில் டிசம்பர் ஒரு மாசம்தான்.

மோசமான ரோட்டுக்கு அலைய வேண்டியதில்லை, எங்கும் கிடைக்கும். பெயின்ட் அடிக்காத வேகத்தடை, கேபிள் பதித்துவிட்டு மூடிய பள்ளம், ரோட்டைவிட அரையடி இறங்கிய மேன்ஹோல். அதன் மேல் 30 கி.மீ. வேகத்தில் போங்கள். அடி முதுகெலும்பு வரை வருகிறதா, வண்டியே வாங்கிக்கொள்கிறதா? 'ஸ்டிஃப்' சஸ்பென்ஷன் வேகமான வளைவுகளில் நம்பிக்கை கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் தினமும் பார்ப்பது வளைவுகளையா பள்ளங்களையா என்பது அவரவர் பின்கோடைப் பொறுத்தது.

யூ-டர்ன் சோதனை எளிது. சாதாரண இருவழித் தெருவில், கால் ஊன்றாமல் ஒரே வீச்சில் திரும்ப முடிகிறதா? ஹேண்டில் முழுக்கத் திரும்பும்போது கை டேங்கில் முட்டுகிறதா? ஸ்போர்ட்ஸ் வகை வண்டிகளில் ஹேண்டில் அதிகம் திரும்பாது. ஓட்டிப் பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். பழக்கமாகும், சரியாகாது.

திறந்த சாலையில் பார்க்க வேண்டியது அதிர்வு. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டிலிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ ஒரு நடுக்கம் வரும். சிலவற்றில் 60-ல், சிலவற்றில் 80-க்கு மேல். நீங்கள் அதிக நேரம் ஓட்டப்போகும் வேகத்தில் அது வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்குவழி நெடுஞ்சாலையிலும் டூவீலருக்கு 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பு மணிக்கு 80 கி.மீ.தான். அதனால் '120-ல் எப்படி இருக்கு' என்ற கேள்விக்கு டெமோ வண்டியில் பதில் தேட வேண்டிய அவசியமில்லை. ரியர்வியூ கண்ணாடியை அப்போதே பாருங்கள். பின்னால் வரும் லாரி தெரிகிறதா, நடுங்கும் ஒரு நிறக்கலவை தெரிகிறதா, உங்கள் முழங்கை மட்டும் தெரிகிறதா?

பிரேக் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை, முன்-பின் பிரேக் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும். ஆனால் 'ஏபிஎஸ் இருக்கு' என்பதிலேயே இரண்டு ரகம். சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும். டூயல் சேனல் என்றால் இரண்டுக்கும். ஒரே மாடலின் விலை குறைந்த வேரியண்டிலும் கூடிய வேரியண்டிலும் இது மாறலாம். டெமோ வண்டி எந்த வேரியண்ட், நீங்கள் வாங்கப்போவது எந்த வேரியண்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் 40-லிருந்து 60 ஆனால், ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரமோ இரண்டேகால் மடங்கு ஆகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60-ல் போகும்போது கண் பார்த்து கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு நொடி போனால், அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஒரு அரசுப் பேருந்தின் நீளத்தைவிட அதிகம். அதனால் பிரேக்கைச் சும்மா தொட்டுப் பார்த்துவிட்டு "நல்லா புடிக்குது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பின்னால் யாரும் வராத காய்ந்த, நேரான ரோட்டில், 40 கி.மீ. வேகத்தில், இரண்டு விரலால் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். அழுத்தம் கூடக்கூட பிரேக்கும் கூடுகிறதா, பாதிவரை ஒன்றும் இல்லாமல் திடீரென்று கவ்வுகிறதா? முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது? மழையில், மணலில், ஆள் நடமாட்டத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

பின்சீட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு

வண்டியில் இரண்டு பேர் போகப்போகிறீர்கள் என்றால், அந்த இரண்டாவது ஆளையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகும்போது "இதுல மனுஷன் உட்காருவானா?" என்று கேட்பார்கள். எம்டி-15 மாதிரி வண்டிகளில் பின்சீட் சின்னது, உயரமானது. பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் முன்னால் சரிவார். கிளாசிக்கில் பின்சீட் அகலமாக இருக்கும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது உங்கள் வேலையாக இருந்தால், அம்மா ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். மூட்டுவலி உள்ளவருக்கு காலைத் தூக்கிப்போட்டு ஏறும் உயரம்தான் முக்கியம், குதிரைத்திறன் இல்லை.

பின்சீட்டில் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருக்க வேண்டும். நம்மூரில் 'சாரி கார்டு' என்று சொல்வது அதைத்தான். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுக் காட்சிக்கு நிறுத்தியிருந்தால், பொருத்தித்தான் தருவார்களா என்று கேளுங்கள். சேலையோ துப்பட்டாவோ அணிந்து ஏறுபவருக்கு அது உயிர் விஷயம். சின்னக் குழந்தை இருக்கும் வீடென்றால் இன்னொரு விதியும் உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையோடு போகும்போது சேஃப்டி ஹார்னஸ், குழந்தைக்கான ஹெல்மெட், அதிகபட்சம் 40 கி.மீ. வேகம் என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறை. அந்த ஹார்னஸோடு மூன்று பேர் உட்கார அந்த சீட்டில் இடம் இருக்கிறதா?

சேல்ஸ் ஊழியர் பின்னால் ஏறுவதில் ஒரு நன்மையும் உண்டு. இரண்டு ஆள் எடையில் பிக்கப் எப்படி என்பது இலவசமாகத் தெரிந்துவிடும். ஆனால் முழு ரைடும் அப்படியே போனால், தனியாக ஓட்டும்போது வண்டி எப்படி என்பது தெரியாமலேயே போய்விடும்.

டெமோ வண்டி சொல்லும் பொய்கள்

டெமோ வண்டி பாவப்பட்ட ஜென்மம். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் ஏறுவார்கள். பத்துப் பேரும் முறுக்குவார்கள். கிளட்ச் தேய்ந்திருக்கும், செயின் தளர்ந்திருக்கும், கியர் விழ அடம்பிடிக்கும். அதை வைத்து "இந்த மாடலே சரியில்லை" என்று முடிவுகட்டினால் நல்ல வண்டி ஒன்று கைநழுவலாம். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நன்றாக ஓடிப் பழகிய டெமோ வண்டியின் மென்மையை, டெலிவரி எடுத்த முதல் நாளே உங்கள் புது வண்டியில் எதிர்பார்த்து ஏமாறலாம். புது இன்ஜின் இறுக்கமாகத்தான் இருக்கும்.

ஏறுவதற்கு முன் ஓடோமீட்டரைப் பாருங்கள். டயரில் காற்று எவ்வளவு என்று கேளுங்கள், முடிந்தால் பக்கத்து பங்கில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் தெரியும். குறைவாக இருந்தால் ஹேண்டில் கனமாகும். சஸ்பென்ஷனைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவே தலைகீழாகிவிடும். பல வண்டிகளில் பின் சஸ்பென்ஷனின் இறுக்கத்தை மாற்றிவைக்கலாம். முன்பு ஓட்டியவர் எதில் வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. செயின் தொய்வு, கிளட்ச் தளர்வு எல்லாம் சரிசெய்யக்கூடியவை. சீட்டின் வடிவம், ஹேண்டில் தூரம், இன்ஜின் சுபாவம் வண்டியோடு பிறந்தவை. முடிவு இவற்றைப் பொறுத்தே இருக்கட்டும்.

பழைய வண்டியில் தொடங்குங்கள்

பலருக்கும் தோன்றாத ஒரு யோசனை இது. புது வண்டிகளை ஓட்டும் அன்று காலையில், அதே ரூட்டில் உங்கள் பழைய வண்டியை ஒருமுறை ஓட்டுங்கள். அது அப்பாவின் ஸ்ப்ளெண்டராக இருந்தாலும் பரவாயில்லை. உடம்புக்கு ஒரு அளவுகோல் கிடைத்துவிடும். அது இல்லாமல் நேராக 350 சிசி-யில் ஏறினால், எந்த 350 சிசி-யும் ராக்கெட்டாகத்தான் தெரியும். முதலில் ஓட்டிய பெரிய வண்டிக்கே மனசு போய்விடும்.

பட்டியலில் உள்ள வண்டிகளை முடிந்தவரை ஒரே நாளில், ஒரே மாதிரி ரோட்டில் ஓட்டுவது நல்லது. இன்றைக்கு ஒன்று, மூன்று வாரம் கழித்து இன்னொன்று என்றால் ஒப்பிடுவது நினைவைத்தான், வண்டியை இல்லை. ஒவ்வொரு ரைடும் முடிந்ததும் ஷோரூம் வாசலிலேயே போனில் ஒரு நிமிட வாய்ஸ் நோட் பதிவு செய்யுங்கள். முதுகு, மணிக்கட்டு, சூடு, பிரேக், பயம். கடைசியாகச் சொன்னது முக்கியம். எந்த இடத்தில் பயந்தீர்கள் என்பதை அடுத்த நாளே மூளை அழித்துவிடும், சவுண்டு மட்டும் காதில் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், ராயல் என்ஃபீல்டுக்கும் யமஹாவுக்கும் ஆலைகள் ஒரகடம், வல்லம் வடகால் பக்கம்தான். டிவிஎஸ் ஓசூரில். ஆனாலும் சின்ன ஊர்களில் விருப்பப்பட்ட மாடலுக்கு டெமோ வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. "அது இல்ல சார், இது ஓட்டுங்க, அதே இன்ஜின்தான்" என்பார்கள். கிளாசிக்கும் ஹண்டரும் ஒரே குடும்ப இன்ஜின்தான். ஆனால் எடை வேறு, சக்கர அளவு வேறு, உட்காரும் விதம் வேறு. ஹண்டரை ஓட்டிவிட்டு கிளாசிக்கை புக் செய்வது, தம்பியைப் பார்த்துவிட்டு அண்ணனுக்குக் கல்யாணம் பேசுவது மாதிரி.

அந்த நிலையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாடகை. பாண்டிச்சேரி, பெங்களூரு போன்ற இடங்களில் பைக் வாடகைக்குக் கிடைக்கும். கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது முறையான வாடகை வண்டி. வெள்ளை பிளேட் வண்டியை யாராவது வாடகைக்குத் தந்தால் எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். ஒரு முழுநாள் வாடகை, ஒரு மாத இஎம்ஐ-யோடு ஒப்பிட்டால் சொற்பம். காலையில் ஆபீஸ் தூரம் அளவுக்கு ஒரு ஓட்டம், மதியம் வெயிலில் ஒரு ஓட்டம், இரவில் தெருவிளக்கு இல்லாத ரோட்டில் ஒரு ஓட்டம். ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பது ஷோரூம் நேரத்தில் யாருக்குமே தெரியாத விஷயம். முதுகுவலி என்று ஒன்று வருவதாக இருந்தால், அது பொதுவாக முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் வரும்.

இன்னொன்று, நண்பரின் வண்டி. அதே மாடலை 20,000 கி.மீ. ஓட்டியவர் ஒருவர் கிடைத்தால் அதைவிட நல்ல டெமோ கிடையாது. வண்டி எப்படி வயசாகிறது என்பதை எந்த ஷோரூமும் காட்டாது. ஓட்டிப் பார்த்துவிட்டு, சர்வீஸ் பில்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் அவர் யோசித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"இன்னிக்கு புக் பண்ணா ஆஃபர் சார்"

ரைடு முடிந்த கையோடு வரும் வசனம் இது. உடம்பில் இன்னும் இன்ஜின் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் விற்பவருக்குப் பொன்னான நேரம். அவர் வேலையை அவர் செய்கிறார், குற்றமில்லை. ஆன்-ரோடு விலையைத் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லி, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் போக, அக்சஸரீஸ், கூடுதல் வாரண்டி, கோட்டிங் என்று கீழே வரும் வரிகளில் எதெல்லாம் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

இரண்டு வண்டிகளுக்கு நடுவே மனசு ஊசலாடினால், இரண்டாவது முறை ஓட்டக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முதல் ரைடில் புதுசு என்ற கிளர்ச்சி இருக்கும். இரண்டாவதில் அது பாதியாகக் குறைந்து, கிளட்சின் கனமும் சீட்டின் கடினமும் தெரிய ஆரம்பிக்கும். இரண்டாவது முறை தர மறுக்கும் ஷோரூம், முதல் சர்வீஸுக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளலாம்.

புக்கிங் அட்வான்ஸ் கட்டும்போது, மாடல், வேரியண்ட், நிறம், ரத்து செய்தால் எவ்வளவு பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் ஆகிய நான்கும் ரசீதில் எழுத்தில் இருக்கட்டும். வண்டி வந்ததும், பதிவுக்கு அனுப்பும் முன்பே நேரில் போய் சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் பார்த்துவிடுங்கள். பதிவான பிறகு "இது போன வருஷ ஸ்டாக் ஆச்சே" என்று சொன்னால், கேட்க ஆள் இருக்காது.